கோழிக்களவாணி வீடு

களக்காட்டு பஜாரில், ஒரு பாத்திரக்கடை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பாத்திரங்களில் பேர் வெட்டுகிறவர் முத்துமாலை. குடம், சருவம், தூக்குவாளி, டிபன் கேரியர் எதுவானாலும் சரி, இடது கையில் சின்ன உளி, வலது கையில் சின்னச் சுத்தியல். டொக் டொக்கென்று தட்டத் தட்டப் புள்ளி புள்ளியாக எழுத்து எழும்பும். கரண்டில் ஓடும் மிஷின் வந்த பிறகும் அவர் மாறவில்லை. “அது கீறும். இது வெட்டும்” என்று சொல்லிவிடுவார்.

வெட்டுவதற்கு முன்னால் பேரையும் இனிஷியலையும் திரும்பத் திரும்பக் கேட்பார். கேட்கிற கேட்பில் சில பேருக்கு சொந்த இனிஷியலிலேயே சந்தேகம் வந்துவிடும். “காகிதத்துல தப்பு விழுந்தா கிழிச்சுப் போடலாம். குடத்தைக் கிழிக்க முடியுமா அண்ணாச்சி?” என்பது அவர் நியாயம். நாங்குநேரியிலிருந்து சேரன்மகாதேவி வரை அவர் வெட்டின பேர் இல்லாத அடுக்களையைப் பார்ப்பது கஷ்டம்.

இப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் பேர் போட்டவருக்கு, தன் வீட்டுக்குத் தன் பேரைப் போட முடியவில்லை.

வீடு செங்கால்குறிச்சியில், பச்சையாற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஓட்டு வீடு. பழசு, ஆனால் கட்டுமானம் நயம். முற்றம் உண்டு, வற்றாத கிணறு உண்டு. முத்துசுப்பிரமணியன் என்ற வாத்தியார், ரிட்டையராகிப் பாளையங்கோட்டைக்குப் போகும்போது, முத்துமாலை ஆசை ஆசையாக அதை வாங்கினார். பத்திரத்தில் கிணறு, வாசக்கால், தென்னை எல்லாம் விவரமாக எழுதியிருந்தது. கூடவே வரப்போகிற பேரை மட்டும் யாரும் எழுதவில்லை. பால் காய்ச்சிய அன்றைக்கே பால்காரி வாசலில் நின்று குரல் கொடுத்தாள்: “கோழிக்களவாணி வீட்டம்மா, செம்பு கொண்டாங்க.”

முத்துமாலை சுவரில் ‘முத்துமாலை இல்லம்’ என்று பெயிண்டில் எழுதிப் பார்த்தார். போஸ்ட்மேன் அதை நின்று படித்து, எழுத்து நன்றாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, அடுத்த தெருவில் போய் முத்துமாலை வீடு எங்கே என்று விசாரித்தார்.

பழகிப் போகும் என்று அவர் மனைவி அன்னத்தாய் சொன்னாள். பழகியும் போயிற்று. மகள் தங்கபுஷ்பத்துக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வம்பு முளைத்தது. தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதம், சேரன்மகாதேவியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் செங்கால்குறிச்சியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அப்படியே அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்த முத்துமாலை, பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் பலவேசத்திடம் போய் நின்றார்.

“என்னவே சொன்னீரு அவியகிட்ட?”

“வழி சொன்னேன்.”

“என்னன்னு சொன்னீரு?”

பலவேசம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “முத்துமாலை வீடு எங்கனன்னு கேட்டாவ. எந்த முத்துமாலைன்னேன். பாத்திரக்கார முத்துமாலைன்னாவ. அப்பதான் எனக்குப் பிடிபட்டுது. ‘ஓ, கோழிக்களவாணி வீடா, நேரே போயி வேப்பமரத்துல திரும்புங்க’ன்னேன். வழி சரிதானவே?”

“வழி சரி. அவிய இங்கனயே திரும்பிப் போயிட்டாவ.”

“அது அவிய தப்பு. நான் வேப்பமரத்துலல்லா திரும்பச் சொன்னேன்.”

பெஞ்சில் இருந்தவர்கள் டீயோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினார்கள். முத்துமாலைக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் எவன் கோழியவே களவாண்டேன்?” என்றார்.

“உம்ம யாருவே சொன்னா? வீட்டைல்லா சொல்லுதோம். எங்க அய்யா காலத்துலயே அது கோழிக்களவாணி வீடுதான்.”

“அப்போ அந்தக் களவாணி யாரு?”

பலவேசம் யோசித்தார். பெஞ்சும் யோசித்தது. யாருக்கும் தெரியவில்லை.

“யாருன்னு நான் கண்டுபிடிச்சுக் கொண்டாந்தா?”

“கொண்டாரும். களவாணி பேரு தெரிஞ்சுட்டுன்னா பழிய அவன் தலையில போட்டுட்டு, உம்ம வீட்டை உம்ம பேருக்கு மாத்திருவோம். என்ன சொல்லுதீய?” என்று பலவேசம் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சு தலையாட்டித் தீர்ப்புச் சொன்னது.

அன்னத்தாய் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஊர்ல பொண்ணைப் பெத்தவுக எல்லாம் மாப்பிள்ளையத் தேடுதாவ. நீங்க கோழி களவாண்டவனைத் தேடுதீக.”

“அவன் கிடைச்சாத்தாம்ளா இவன் கிடைப்பான்” என்று சொல்லிவிட்டு, உளியும் சுத்தியலும் இருந்த பையைத் தோளில் மாட்டினார். போகிற இடத்தில் நாலு குடம் கிடைத்தால் பஸ் காசாவது தேறும்.

முதலில் பாளையங்கோட்டை. முத்துசுப்பிரமணியன் வாத்தியார் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேப்பரை மடித்தார்.

“முத்துமாலை, நீரே யோசிச்சுப் பாரும். நான் கோழியை என்ன பண்ணுவேன்? ஆத்துல முட்டைன்னு சொன்னாலே பாலாம்பாள் வாயைக் கழுவச் சொல்லுவா.”

“நீங்க இல்ல சார். உங்களுக்கு முந்தி யாராவது…”

அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி பாலாம்பாள் வந்துவிட்டாள். “அதை ஏன் கேக்கறேள்? அந்த ஊர்ல இருந்த அத்தனை வருஷமும் எனக்குக் கோழிக்களவாணி மாமின்னுதான் பேர். கீரைக்காரி கூப்பிடுவா. கோவில்ல அர்ச்சனைக்கு நின்னா குருக்களே, ‘கோழிக்களவாணியாத்துத் தட்டு எது’ன்னு கேப்பார். முதல்ல அழுதேன். அப்புறம் மாமின்னு சேர்த்துத்தானே சொல்றா, மரியாதை இருக்கோல்லியோன்னு விட்டுட்டேன்.”

“சார் பள்ளிக்கூடத்துல?”

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். “பசங்க என் முதுகுக்குப் பின்னால கொக்கரிப்பான்கள். நான் கணக்குப் போடறதுல மும்முரமா இருக்கற மாதிரி இருந்துடுவேன்.”

அவர் வீட்டை வாங்கியது ஆபிதா பீவி என்ற அம்மாவிடம். புருஷன் களக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் காலமானதும் அந்த அம்மா மகனோடு மேலப்பாளையம் போய்விட்டாள். முத்துமாலை காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். பாலாம்பாள் சும்மா அனுப்பவில்லை. இரண்டு வெண்கலப் பானையைக் கொண்டுவந்து வைத்து, “பேரை மட்டும் வெட்டுங்கோ, பட்டப்பேர் வேண்டாம்” என்றாள்.

மேலப்பாளையத்தில் ஆபிதா பீவி வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஆபிதா பீவியிடம் விஷயத்தைச் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. அவளுக்குக் காது மந்தம். மகன் நாசர் பக்கத்தில் உட்கார்ந்து, முத்துமாலை பைய மெல்ல இழுத்து இழுத்துக் கேட்டதையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னான்.

“உம்மா, நம்ம செங்கால்குறிச்சி வூட்ல கோழி களவாண்டது யாருன்னு கேக்காவ.”

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஆபிதா பீவி முத்துமாலையை மேலும் கீழும் பார்த்தாள். “எவருக்குக் கோழி காணாமப் போச்சு? இவருக்கா?”

“கோழி காணாமப் போவலம்மா. களவாணியத்தான் காணோம்” என்றார் முத்துமாலை.

“களவாண்ட கோழி எங்களுக்கு ஹராம். எங்க வூட்டுக்காரரு வாங்குத கோழிக்குக்கூட இது எந்த வூட்டுக் கோழி, யாரு வளத்ததுன்னு பூர்வீகம் கேப்பாரு. கோழிக்காரனே பயந்து இந்தத் தெருப்பக்கம் வர மாட்டான். ஆனா அந்தப் பேரு நாங்க வாரதுக்கு முன்னயே அந்த வூட்டுக்கு இருந்துது.” பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “எங்களுக்கு வூட்டை வித்தவரு வேலாயுதம்னு ஒருத்தரு. நாங்குநேரிக்குக் குடி போனாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சாவியக் கொடுக்கும்போது ஒத்தக் கையாலதான் கொடுத்தாரு.”

“ஏன், இன்னொரு கை?”

“இன்னொரு கையில ஒரு சேவலை இடுக்கிட்டு நின்னாருல்லா.”

முத்துமாலைக்கு உச்சி குளிர்ந்தது. களவாணி கிடைத்துவிட்டான், கையும் சேவலுமாக.

வீட்டுக்கு வந்தால் அன்னத்தாயும் ஒரு சேதி வைத்திருந்தாள். தரகர் வந்துபோயிருந்தார். நாங்குநேரியில் ஒரு இடமாம். மாப்பிள்ளை சிவபெருமாள், கூட்டுறவு சொசைட்டியில் வேலை. தகப்பனார் இல்லை, தாயார்தான். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். போட்டோகூடக் கொடுத்திருந்தார். தலையைப் படிய வாரி, சட்டைப் பையில் மூன்று பேனா குத்தி, பையன் லட்சணமாக இருந்தான். தங்கபுஷ்பம் போட்டோவைப் பார்த்து, “மூணு பேனா எதுக்காம்?” என்று மட்டும் கேட்டாள். ஆனால் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தகப்பனுக்கு அது போதும்.

ஆவணிக்குள் பேரை மாற்றியாக வேண்டும். மறுநாளே முத்துமாலை நாங்குநேரியில் போய் இறங்கினார். வேலாயுதம் வீடு என்று கேட்டதற்குப் பெருமாள் கோவில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள், “சேவல் வீடா? அந்தா, பச்சைக் கதவு” என்று காட்டினாள். ஊர் மாறியும் பேர் விடவில்லை என்று நினைத்துச் சந்தோஷமாகப் போய்ப் பச்சைக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தது மூன்று பேனா.

பெண் பார்க்க வருமுன்னே பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. மிதித்தால், பெண்ணை எப்படியாவது தள்ளிவிடத் துடிக்கிறான் என்று அர்த்தம். நல்லவேளையாகத் தரகர் இவர் போட்டோவைக் கொடுத்திருக்கவில்லை.

“யாரு வேணும்?” என்றான் சிவபெருமாள்.

முத்துமாலையின் கை தானாகப் பைக்குள் போய் உளியை எடுத்தது. “பாத்திரத்துக்குப் பேர் வெட்டணுமா?”

“எம்மா, பேர் வெட்டுறவரு வந்திருக்காரு” என்று அவன் உள்ளே பார்த்துக் கத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் தாயார் சுடலைவடிவு, வெகுநாளாக இப்படி ஒரு ஆளுக்குக் காத்திருந்தவள் போல வீட்டில் இருந்த அத்தனையையும் முற்றத்தில் பரப்பினாள். சோற்றுக் கரண்டியைக்கூட விடவில்லை. முத்துமாலை தலையைத் தூக்காமல் டொக் டொக்கென்று தட்டினார். அவள் எதிரே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே பேசினாள்.

“பையனுக்குப் பொண்ணு பாக்கோம். செங்கால்குறிச்சியாம். தகப்பனாரு பாத்திரக்கடை வச்சிருக்காராம். தெரியுமா?”

கடை வாசலில் சாக்கு வைத்திருப்பவரைக் கடையே வைத்திருப்பவராகத் தரகர் ஆக்கியிருந்தார்.

“கேள்விப்பட்டிருக்கேன்” என்றார் முத்துமாலை.

“ஆளு எப்படி?”

“தங்கமான மனுசன்னுதான் பேச்சு.”

“நீரு அவருக்கு வேண்டியவரோ?”

“ரொம்ப வேண்டியவருன்னு சொல்ல முடியாது. ஆனா நித்தம் பாக்கிறதுதான்.” சருவத்தைத் திருப்பி வைத்தார். “வாசல்ல கேட்டேன், சேவல் வீடுங்காங்களே, அது என்னம்மா?”

சுடலைவடிவு முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “எங்க மாமனாரு பண்ணின கூத்து. அவருக்கு இந்தச் செங்கால்குறிச்சிதான் சொந்த ஊரு. ஒருக்கா காய்ச்சல் கண்டு படுத்தவரு, பிழைச்சு எந்திரிச்சா வீட்டுச் சேவலை விடுதேன்னு சுடலைமாடனுக்கு நேர்ந்துக்கிட்டாரு. பிழைச்சுட்டாரு. கொடைத் திருநாளுக்குச் சேவலைக் கொண்டு போயிக் கோயில்ல கட்டவும் செஞ்சாரு. கட்டிட்டு வீட்டுக்கு வந்தா மனுசனுக்குச் சோறு இறங்கல. தினமும் அவரு தட்டுல தின்னு வளந்த சேவலுல்லா. அறுத்துப் பூசை வைக்கப் போற நேரம் பாத்து அவுத்துக்கிட்டு ஓடியாந்துட்டாரு.”

“அவரு சேவலை அவரே களவாண்டாரா?”

“நேர்ந்த பொறவு அது சாமி சேவல்லா. ஊரே களவாணின்னுது, வீட்டுக்கும் கோழிக்களவாணி வீடுன்னே பேராயிட்டு. மனுசன் மானத்தை விட்டாரு, ஊரை விட்டாரு, வீட்டை விட்டாரு, சேவலை விடல. இங்கன வந்து அது கிழடாயி, கண்ணு தெரியாம நடுமத்தியானம் கூவிக்கிட்டுக் கிடந்துதாம். அந்தப் பழைய வீடு இப்போ எங்கன இருக்கோ, இடிஞ்சே போச்சோ.”

இந்த இடத்தில் வாயைத் திறந்து, அம்மா அது என் வீடுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலே நடந்தது எதுவும் நடந்திருக்காது. முத்துமாலை சொல்லவில்லை. சொன்னால் வந்த வேஷம் கலைந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கரண்டியில் இனிஷியல் வெட்டினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் தான் மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது. களவாணி வேலாயுதம் என்று ஊரில் சொன்னால் பேர் மாறிவிடும். ஆனால் மாப்பிள்ளையின் தாத்தாவைப் பெண்ணின் தகப்பனே களவாணி என்று டீக்கடையில் நிறுத்தியதாக ஆகும். சொல்லாவிட்டால், நாங்குநேரிக்காரர்களும் பலவேசத்திடம் வழி கேட்டுவிட்டு வந்த பஸ்ஸில் போய்விடுவார்கள்.

டீக்கடைக்குப் போனார். “களவாணி ஆப்பிடலவே” என்றார். “ஆனா ஒரு உதவி. வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் பேரை ஊர்ல ஒருத்தரும் சொல்லக் கூடாது. யாரு கேட்டாலும் முத்துமாலை வீடுன்னு சொல்லுங்க. ஊர்ல எல்லாப் பாத்திரத்துக்கும் சும்மா பேர் வெட்டித் தாரேன்.”

ஆவணி பிறக்கும்வரை செங்கால்குறிச்சியில் டொக் டொக் சத்தம் ஓயவில்லை. பலவேசம் டீ வடிகட்டிக்கும் பேர் வெட்டச் சொன்னார். ஓட்டைக்கு நடுவே இடம் கண்டுபிடித்து முத்துமாலை அதிலும் வெட்டினார். கைம்மாறாக ஊரும் அந்தப் பேர் வாயில் வராமல் பழகியது. பால்காரி வாசலில் வந்து வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, “கோ… கோலம் நல்லாருக்கும்மா” என்றாள், கோலம் போடாத வாசலைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை வந்தது. தரகரை முத்துமாலை முன்தினமே தானே கூட்டிவந்து வீட்டில் உட்கார வைத்துவிட்டார்; வழியில் தரகர் வாயிலிருந்து அந்தப் பேர் மாப்பிள்ளை வீட்டார் காதில் விழக் கூடாதல்லவா. தரகர் வடை தின்றுகொண்டிருந்தார். தங்கபுஷ்பம் உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்த சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை.

கடைசியில் பலவேசம் மூச்சு வாங்க ஓடி வந்தார். முகமெல்லாம் பெருமை.

“வே, உம்ம மானத்தைக் காப்பாத்திட்டேன். ஒரு கூட்டம் வந்துச்சு. இறங்கினதும் இறங்காததுமா, ‘கோழிக்களவாணி வீடு எங்கன இருக்கு’ன்னு கேக்காவ. நான் அசரலயே. அப்படி ஒரு வீடே இந்த ஊர்ல கிடையாதுன்னுட்டேன். பெஞ்சுல இருந்த அத்தனை பேரும் அடிச்சுச் சொல்லிட்டாவ. ஒருத்தன் இந்த ஊர்ல கோழியே கிடையாதுன்னுட்டான்.”

முத்துமாலைக்கு வேட்டி நழுவுகிறாற்போல் இருந்தது. “யாருவே அவிய?”

“யாரோ நாங்குநேரியாம். ஒரு அம்மா, ஒரு பையன், நாலஞ்சு பேரு. அந்த அம்மா கையில ஒரு சேவலு வேற. ‘வீடு தெரியாம மத்த காரியம் ஒண்ணும் பண்ண முடியாது, போவோம்’ன்னு பஸ்ஸுக்கு நிக்காவ.”

“பையன் சட்டையில பேனா?”

“மூணு இருந்துது.”

முத்துமாலை ஓடினார். கஞ்சி போட்ட புதுச் சட்டை மொடமொடக்க, வேப்பமரத்தைத் தாண்டி ஓடினார். பஸ் ஸ்டாப்பில் சுடலைவடிவு சேவலை இடுக்கிக்கொண்டு பஸ் படியில் கால் வைத்திருந்தாள்.

“அம்மா, இறங்குங்க. கோழிக்களவாணி வீடு இந்த ஊர்லதான் இருக்கு.”

சுடலைவடிவு திரும்புவதற்குள் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்துவந்து முத்துமாலையின் கையைப் பிடித்துக் காதோரமாகச் சொன்னார். “வே, நாங்கதான் இல்லைன்னு சொல்லிட்டோம்லா. நீரு ஏன் குழப்புதீரு?”

“விடும்வே. அம்மா, அது என் வீடுதான்.”

“இல்லம்மா, இவரு வீடு முத்துமாலை வீடு” என்றார் இன்னொருவர், கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டு. “இந்த ஊர்ல களவாணியும் கிடையாது, கோழியும் கிடையாது.” அவர் காலுக்கு இடையில் ஒரு பெட்டைக்கோழி ஏழெட்டுக் குஞ்சுகளோடு போய்க்கொண்டிருந்தது.

“நான்தாம்வே சொல்லுதேன். கோழிக்களவாணி வீடு என் வீடு. அதுல குடியிருக்கவன் நான். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவிய. இப்பச் சொல்லித் தொலைங்கவே.”

பெஞ்சுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்டிய பாத்திரத்துக்கெல்லாம் இப்போது என்ன நியாயம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. கண்டக்டர், “யம்மா, ஏறுதியளா இறங்குதியளா? களவாணிய முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க” என்றார்.

சுடலைவடிவு இறங்கினாள். முத்துமாலையை உற்றுப் பார்த்தாள். “ஏ, நீரு எங்க வீட்டுக்குப் பேர் வெட்ட வந்தவருல்லா?”

“ஆமாம்மா. பொண்ணுக்குத் தகப்பனும் நான்தான்.”

“அன்னைக்கு அவ்வளவு சொன்னேன், ஒரு வார்த்தை சொல்லலயே.”

“வேலை நேரத்துல பேசினா எழுத்து கோணிரும்மா” என்றார் முத்துமாலை. அதைவிட நல்ல பதில் அவருக்குத் தோன்றவில்லை.

சுடலைவடிவு சிரிக்கலாமா கோபப்படலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்ததுபோல் இருந்தது. “தங்கமான மனுசன்னு நீரே உம்மளச் சொல்லிக்கிட்டீரேய்யா” என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்கு அவரிடம் பேசினதிலிருந்து மாமனார் ஞாபகமாகவே இருந்ததாம். சாகும்போது மாமியார், அந்த வீட்டு வாசலிலிருந்தே ஒரு சேவலைக் கொண்டுபோய்ச் சாமியிடம் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அந்த நேர்ச்சை பாக்கி நிற்கும்போது பெண் வீட்டுப் படி ஏறக் கூடாதென்றுதான், முதலில் பழைய வீட்டைத் தேடினார்களாம். “இப்போ என்னன்னா ரெண்டும் ஒரே படியா இருக்கு” என்று சொல்லிவிட்டு, கை வலிக்கிறதென்று சேவலை முத்துமாலையிடம் கொடுத்தாள்.

அவர் சேவலை இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சேவல் புதுச் சட்டையைக் கிழித்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று, அடுத்தவர் வீட்டுச் சேவலோடு முத்துமாலை தன் வீட்டுக்குப் போவதைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். இந்த ஒரு நாள் அது அவர்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. போஸ்ட்மேன் சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

வாசலில் சூடம் காட்டிச் சேவலைக் கோவிலுக்குக் கொண்டுபோய் விட்ட பிறகு, எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தரகர் தானே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். தங்கபுஷ்பம் காபி கொண்டுவந்தாள். மூன்று பேனாவைப் பற்றி நேரிலேயே கேட்டுவிட்டாள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, ஒன்று எழுதாது என்று சிவபெருமாள் சொன்னான். எழுதாததை ஏன் வைத்திருக்கிறான் என்று அவள் கேட்டதற்கு, ரொம்ப நாளாகக் கூட இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை என்றான். சுடலைவடிவு, “அப்படியே தாத்தாவேதான்” என்றாள். அன்னத்தாய் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, முத்துமாலைக்குக் கண்ணைக் காட்டினாள். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பலவேசம் கடையிலிருந்து கூப்பிட்டார்.

“வே, ஒரு நாள் முடிஞ்சுட்டு. சேவல்காரரு யாருன்னும் தெரிஞ்சுட்டு. வாக்கு வாக்குதான். நாளையிலருந்து முத்துமாலை வீடுன்னே சொல்லிருவோமா?”

முத்துமாலை கிழிந்த சட்டைக் கையைத் தடவிக்கொண்டே யோசித்தார். தை மாதம் நாங்குநேரியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கப் போகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் முத்துமாலை வீடு என்றால் தெரியாது.

“கல்யாணம் முடியுத மட்டும் பழசையே சொல்லுங்கவே.”

“அதுக்குப் பொறவு?”

“பிள்ளைப்பேறுக்கு வருவாவல்லா” என்றார் முத்துமாலை. “அதுக்கும் வழி தெரியணும்லா.”